கரணை தேயும்

'அலை' என்ற சொல்லைத் தமிழ் எழுத்தில் இன்று யாரும் யோசித்துப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை. தேர்தல் வந்தால் ஆதரவு அலை, சினிமாவில் புதிய அலை, கவிதையில் நினைவலை. ஆன்மீகப் பத்திரிகைகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கர்ப்பக்கிருகத்தில் அலை, மணியோசையில் அலை, கோபுரக் கலசத்தில் அலை. எல்லாமே 'பாசிடிவ்' வகை. ஸ்ரீரங்கம், திருவானைக்காவல் கோயில்களைப் பற்றி எழுதுகிறவர்களும் இந்தச் சொல்லை விட்டுவைப்பதில்லை. இவற்றில் எதிலும் இயற்பியல் சொல்லும் அலை கிடையாது. உவமைக்கு அந்தச் சுதந்திரம் உண்டே என்பார்கள். உண்டுதான். ஆனால் அலை என்பதை உண்மையிலேயே கைவசப்படுத்திய மனிதர்கள் நம் பக்கத்திலேயே இருந்தார்கள், இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிப் பேசாமல், இல்லாத அலைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் என் புகார்.

முதலில் அலை என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடலாம். ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபப் படித்துறையில் விடும் பூவும் காதோலை கருகமணியும் காவிரியோடு கல்லணைப் பக்கம் போய்விடும். அது ஓட்டம், அலை அல்ல. அதே படித்துறையின் ஓரத்தில், ஓட்டமில்லாமல் தேங்கிய நீரில் ஒரு கல்லைப் போட்டால் வளையங்கள் விரிகின்றன. அங்கே மிதக்கும் பூ வளையத்தோடு சேர்ந்து கரைக்கு வருவதில்லை. ஏறி இறங்குகிறது, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் ஆடுகிறது, ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. கல் கொடுத்த ஆற்றல் மட்டும் நீரின் ஒரு பகுதியிலிருந்து அடுத்த பகுதிக்குக் கைமாறிக் கரையைத் தொடுகிறது. ஆறு பொருளையே சுமந்து போகிறது. அலை ஆற்றலை மட்டும் சுமக்கிறது. மக்கள் அலை அலையாகத் திரண்டு வந்தார்கள் என்று எழுதுகிறவர் மனத்தில் இருப்பது வெள்ளம்தான்.

இதே காவிரி கடலில் கலக்கும் டெல்டாக் கரைக்கு 2004 டிசம்பர் 26 அன்று வந்தது அலை. நாகப்பட்டினத்தில் ஏறிய நீர் சுமத்ராவிலிருந்து பயணப்பட்டு வந்த நீரல்ல. அங்கே கடலடித் தரை திடீரென்று நகர்ந்து கொடுத்த ஆற்றல்தான் வங்காள விரிகுடாவைக் கடந்து வந்தது. நான்கு கிலோமீட்டர் ஆழமுள்ள கடலில் இவ்வகை அலையின் வேகம் மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர். நடுக்கடலில் படகில் இருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. கரையை நெருங்க நெருங்க ஆழம் குறைகிறது, அதனால் வேகமும் குறைகிறது. பின்னால் வரும் பகுதி முன்னால் போகும் பகுதியை நெருக்குகிறது. விரிந்து கிடந்த ஆற்றல் குறுகிய இடத்தில் அடங்கவேண்டியிருப்பதால் உயரம் கூடுகிறது. கடைசியில் கரையில்தான் அது ஊருக்குள் பாயும் நீராக மாறுகிறது. ஊடகத்தின் தன்மை மாறும் இடத்தில் அலையின் வேகம் மாறும் என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்வோம். சற்றுப் பின்னால் அது தேவைப்படும்.

ஒலியும் இப்படித்தான். எதிரே இருப்பவர் பேசும்போது அவர் வாயிலிருந்து காற்று கிளம்பி நம் காதுக்கு வருவதில்லை. (சிலர் பேசும்போது வரும், அது வேறு விஷயம்.) சாதாரணப் பேச்சில் காற்றின் துகள்கள் தம் இடத்திலிருந்து அசையும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒருவர் பேசும்போது வெளிப்படும் ஒலியின் திறன் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். பத்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் பேசி, அந்த ஒலி முழுவதையும் சிந்தாமல் பிடித்து மின்சாரமாக்க முடிந்தாலும் ஒரு சின்ன எல்.இ.டி. பல்புதான் எரியும். மந்திர உச்சாடனத்தின் 'எனர்ஜி' குறித்து எழுதும் நண்பர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். ஓதுவதன் அழகுக்கும் நம்பிக்கைக்கும் இதனால் ஒரு குறையும் வந்துவிடாது. இயற்பியலைச் சாட்சிக்கு இழுத்தால் அது என்ன சொல்கிறதோ அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

இனி சி.வி. ராமன். 1888 நவம்பர் 7 அன்று திருவானைக்காவலில் பிறந்தவர். பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரிய ஊர் அது. சிறு பிராயத்திலேயே குடும்பம் விசாகப்பட்டினத்துக்குப் போய்விட்டதால் அவரை நம்மூர்க்காரர் என்று உரிமை கொண்டாடுவதில் கொஞ்சம் அசட்டுத்தனம் உண்டு. (அந்தத் தீவின் மீது உண்மையான பாத்தியதை சுஜாதாவுக்குத்தான். பாட்டியோடு ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் அவர்.) ராமன் என்றால் 1928-ன் ஒளிச்சிதறல், 1930-ன் நோபல் பரிசு என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அதற்கு முந்தைய ஆண்டுகளில் கல்கத்தாவில் அவர் ஒலியைத்தான் அதிகம் துரத்திக்கொண்டிருந்தார். அவருடைய தந்தை வயலின் வாசித்தவர். வயலின், வீணை, தம்புரா என்று ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்ந்த ராமன், 1920-ல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் மிருதங்கத்தையும் தபலாவையும் பற்றி ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். 1934-ல் பெங்களூரிலிருந்து அதையே விரிவாக எழுதினார்.

அவர் கண்ட பிரச்சினை இதுதான். இரு முனைகளிலும் கட்டப்பட்ட தந்தியை மீட்டினால் அலை இரு முனைகளுக்கும் இடையில் சிறைப்பட்டு, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்ற முழு எண் விகிதங்களில் அதிர்கிறது. அந்த ஒழுங்கைத்தான் காது சுருதி என்று உணர்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலில் இந்த ஒழுங்கு கிடையாது. அங்கே விகிதங்கள் 1, 1.59, 2.14, 2.30 என்று போகும். ஒன்றோடொன்று ஒட்டாத இந்த அதிர்வுகள் சேர்ந்து ஒலித்தால் 'தொம்' என்ற சத்தம் வரும், சுருதி வராது. இதைக் கணித்து வைத்திருந்த ஐரோப்பிய ஒலியியல், தோற்கருவிகளை இசைக்கு அருகில் வைத்ததே தவிர உள்ளே விடவில்லை.

மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே இருக்கிறதே கருப்பாக, கரணை, அதுதான் இதற்கு விடை. கிட்டான் கல்லைப் பொடித்து, சாதத்தோடு பிசைந்து, மெல்லிய படலமாகத் தடவி, கல்லால் தேய்த்து, மறுபடி தடவி, மறுபடி தேய்த்து ஏற்றுகிறார்கள். நடுவில் தடிமன் அதிகம், ஓரத்துக்கு வர வர மெலிதாகும். தோலின் கனம் கூடும் இடத்தில் அலையின் வேகம் குறைகிறது; நாகப்பட்டினத்துக் கரையோரத்தில் வேகம் குறைந்ததற்குக் காரணம் வேறு என்றாலும் விஷயம் ஒன்றே. வேகம் எங்கே எவ்வளவு குறைய வேண்டும் என்பதைச் சரியாக அமைத்துவிட்டால் அந்த ஒட்டாத விகிதங்கள் ஒவ்வொன்றாக இடம் பெயர்ந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று வந்து நிற்கின்றன. முதல் ஒன்பது அதிர்வு முறைகள் ஐந்து சுருதிகளுக்குள் அடங்கிவிடுவதை ராமன் காட்டினார். தோலின் மீது மெல்லிய மணலைத் தூவி, அசையாத கோடுகளில் மணல் ஒதுங்குவதைப் படமெடுத்தும் வைத்தார்.

விரல்களின் வேலை இதற்கு மேல். ஓர் அடி கொடுக்கும் ஆற்றல் எந்தெந்த அதிர்வுகளுக்குப் பங்காகப் போக வேண்டும் என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கிறார். 'நம்' என்று விளிம்பில் ஆள்காட்டி விரல் விழும்போது மோதிர விரல் கரணையின் ஓரத்தை லேசாகத் தொட்டுக்கொண்டிருக்கும். அந்தத் தொடுதல் அடிப்படை அதிர்வை அடக்கிவிடுகிறது. விரலிருக்கும் இடத்தை அசையாக் கோடாகக் கொண்ட இரண்டாவது அதிர்வு தப்பிப் பிழைத்து ஒலிக்கிறது. சமன்பாடு எதுவும் தெரியாமல், காதையும் விரலையும் மட்டும் நம்பி ஒருவர் இதைச் செய்கிறார் என்பது எனக்கு எந்தக் கோபுரக் கலசத்தின் கதையையும் விட வியப்பாக இருக்கிறது.

இந்த இடத்தில் ராமனோடு எனக்கு ஒரு மனத்தாங்கல். 1922-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையின் தலைப்பே பண்டைய இந்துக்களின் ஒலியியல் அறிவு என்பதுதான். காலனிய ஆட்சியில், நம் கருவிகளை இரைச்சல் என்று ஒதுக்கிய ஒரு அறிவுலகத்தின் முன் நின்று அவர் சொன்னது அது. அதன் நியாயம் புரிகிறது. ஆனால் பெருமையைப் பண்டைய காலத்தில் கொண்டுபோய் வைப்பதில் ஒரு வசதி இருக்கிறது. பண்டையவர்கள் கூலி கேட்பதில்லை, மேடையில் இடம் கேட்பதில்லை. தவிர, கரணை தேய்ந்து போகும் பொருள். வாசிக்க வாசிக்க உதிரும், அதன் கனம் மாறும், விகிதங்கள் குலையும். பிறகு சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து போட வேண்டும். எந்த முன்னோர் என்ன கண்டுபிடித்திருந்தாலும் இந்த வாரக் கச்சேரிக்கு அது போதாது. அந்த ஒலியியல் ஒவ்வொரு முறையும் உயிரோடிருக்கும் ஒருவரின் கையில் புதிதாக நிகழ்ந்தாக வேண்டும்.

அந்தக் கைகள் யாருடையவை? திருச்சியிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய தஞ்சாவூரில் செபாஸ்டியன் என்பவரின் வழிவந்த குடும்பம் தலைமுறைகளாக மிருதங்கம் செய்துவருகிறது. பாலக்காடு மணி ஐயருக்கு வேண்டிய நாதத்தை அவரோடு சேர்ந்து தேடிக்கண்ட பர்லாந்து அந்தக் குடும்பத்தவர். டி.எம். கிருஷ்ணா இவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-ல் வந்தது. தொழிலில் இருப்பவர்களில் கணிசமானோர் தலித் கிறித்தவர்கள். பசு, ஆடு, எருமை என்று மூன்றின் தோலும் அவர்கள் கைபட்டுத்தான் மேடைக்குப் போகிறது. இதை வெளிப்படையாகப் பேசிய அந்த நூலின் வெளியீட்டுக்கு முதலில் இடம் தந்த கலாக்ஷேத்ரா, பிறகு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தோலின் நாதம் வேண்டும், தோலைப் பற்றிய பேச்சு வேண்டாம்.

கிருஷ்ணாவின் எல்லா முடிவுகளோடும் ஒத்துப்போக வேண்டும் என்பதில்லை. வாசிப்பவரின் காது இல்லாமல் செய்பவரின் கை இவ்வளவு தூரம் போயிருக்காது என்று வாதிட இடமுண்டு. மணி ஐயரும் பர்லாந்தும் இணைந்தே போனார்கள். ஆனாலும் வாசித்தவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். பூவாளூரில் பிறந்த திருச்சி சங்கரன் டொரொண்டோவின் யார்க் பல்கலைக்கழகம் வரை போய்க் கற்பித்தார் என்பது தெரியும். அலையை ஆராய்ந்தவரின் பெயர் உலகத்துக்கே தெரியும். அலையை நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியவர் மட்டும் 'மிருதங்கம் ரிப்பேர் பண்றவர்' ஆகிவிடுகிறார்.

நான் படித்த இயற்பியல் பாடப்புத்தகத்தில் நிலை அலைகளுக்குக் கம்பியும் ஆர்கன் குழாயும்தான் உதாரணம். எங்கள் வகுப்பில் யாரும் ஆர்கனைக் கண்ணால் பார்த்ததில்லை. மணலைத் தூவிய ஒரு வலந்தலையை மேசை மேல் வைத்திருந்தால் ஒரு பீரியடில் புரிந்திருக்கும். அதைச் செய்தவரையே அழைத்து வந்து கரணை போடச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. சபாக்களின் கச்சேரி அழைப்பிதழ்களில் பாடகர், பக்கவாத்தியக்காரர்கள், புரவலர், சில சமயம் ஒலிபெருக்கி அமைப்பவர் என்று எல்லோருடைய பெயரும் இருக்கிறது. மிருதங்கக் கலைஞரின் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், அந்த வலந்தலைக்குக் கரணை போட்டவரின் பெயரையும் ஊரையும் அச்சிட ஒரு வரி இடம் போதும்.