குறுமரத்துக்கு ஏற்ற மண்

கோயில் மதிற்சுவரின் வெடிப்பிலே அரசங்கன்று தழைத்திருப்பதைக் காணாத மதுரைவாசி உண்டோ? அதே அரசை ஜப்பானியரின் போன்சாய் முறையில் குறுமரமாக்க எண்ணி, மூன்றாண்டுக்கு முன் தாழ்ந்த தட்டில் திருமங்கலத்துக் கரிசலை நிரப்பி நட்டோம். ஐப்பசி அடைமழையில் வேரழுகி மாண்டது. உரம் போதவில்லை என்றார் நம் இல்லத்தரசியார்!

சுவர் வெடிப்பில் நீர் நிற்பதில்லை. நம் தட்டிலோ நின்றது. வேருக்கும் சுவாசம் உண்டல்லவா? கரிசல் ஈரத்தில் உப்பிக் காற்றின் வழியை அடைத்துவிடும். காய்ந்தாலோ பாளமாக வெடிக்கும். ஆழமற்ற தட்டில் அடியில் தேங்கும் நீர் வேரின் மட்டத்துக்கே வந்துவிடுகிறது.

ஆற்றுமணல் கலக்கலாமே என்பர். வைகையில் மிஞ்சியிருக்கும் மணலையும் நாம் அள்ள வேண்டுமா? ஜப்பானிலிருந்து வரும் அகடாமா மண்ணுக்குப் பணம் கொடுப்பானேன்? வீடு இடித்த இடத்துச் செங்கலை மிளகு முதல் பட்டாணி வரையுள்ள அளவில் உடைத்து, தூளைச் சலித்து நீக்குங்கள். தூள் தங்கினால் சகலமும் வீண். இதில் இரண்டு பங்குக்குச் செம்மண் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அரைப் பங்கு போதும். ஒரு செம்பு நீர் வார்த்தால் மேலே நில்லாது அடித்துவாரத்தில் ஒழுக வேண்டும். நின்றால் இன்னும் செங்கல் சேருங்கள்.

இக்கலவை சித்திரை வெயிலில் இருவேளையும் நீர் கேட்கும். அதற்குச் சோம்புவோர் துளசியோடு நிற்பது நலம்.