மேனேஜர் எறிந்த ஃபைல்

ஆபீஸில் மேனேஜர் நாலு பேர் முன்னால் ஃபைலை விட்டெறிகிறார். 'எஸ் ஸார்' என்று பொறுக்கிக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். ராத்திரி ஏழரைக்கு வீட்டில், "கேஸ் புக் பண்ணச் சொன்னேனே?" என்ற ஒரே கேள்விக்கு எரிமலை வெடிக்கிறது. பாவம், அந்தப் பெண்ணுக்கும் மேனேஜருக்கும் ஸ்நானப்பிராப்திகூடக் கிடையாது.

இதற்கு ஜாதகத்தைப் புரட்ட வேண்டாம். சிறுநீரகத்தின் தலையில் குல்லாய் மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியைப் பார்த்தால் போதும். ஹார்வர்டு பேராசிரியர் வால்டர் கேனன் 1915-லேயே எழுதிவிட்டார். ஆபத்து என்றால் உடம்பு இரண்டே காரியத்துக்குத் தயாராகும்: சண்டை போடு, அல்லது ஓடு. நெஞ்சு படபடக்கும், ஜீரணம் நிற்கும், ரத்தம் கைகால் தசைகளுக்குப் பாயும். புலி துரத்தினால் அருமையான ஏற்பாடு. மேனேஜரை அடிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது (இ.எம்.ஐ. இருக்கிறது). அட்ரினலின் சில நிமிஷங்களில் வடிந்துவிடும். பின்னாலேயே வரும் கார்ட்டிசால் அத்தனை லேசில் போகாது. அதையும் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறுகிறீர்கள்.

கத்துகிற ஆசாமியாவது தேவலை. வாயே திறக்காமல் செல்போனை முறைத்துக்கொண்டிருக்கும் கேஸ்தான் சிக்கல். சியாட்டிலில் ஜான் காட்மன் என்ற உளவியல் பேராசிரியர் தம்பதிகளை உட்கார வைத்து, உடம்பில் ஒயர் மாட்டி, சண்டை போடச் சொல்லி (!) அளந்தார். இப்படிச் சுவராகிவிடுகிறவர்களில் சுமார் 85 சதவீதம் ஆண்கள். மனைவிக்கு அது திமிராகத் தெரிகிறது. ஒயரைக் கேட்டால், ஐயாவின் இதயம் நிமிஷத்துக்கு 100-ஐத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் காது கேட்கும், விஷயம் ஏறாது. ஜோக் சொன்னாலும் புரியாது.

ஒரு பரிசோதனையில் காட்மன் பாதிச் சண்டையில் குறுக்கிட்டு, "மெஷினைச் சரி பண்ணணும், அதுவரை இந்தப் பேச்சை விட்டுட்டுப் பத்திரிகை படிங்க" என்று அரை மணி நேரம் நிறுத்திவைத்தார். மறுபடி ஆரம்பித்தபோது துடிப்பு இறங்கியிருந்தது. இருவரும் மனுஷத்தனமாகப் பேசிக்கொண்டார்கள். (நம் பத்திரிகை சியாட்டில் கடைகளில் கிடைக்காதது வருத்தமே.)

விருட்டென்று வெளிநடப்பு செய்வது வேறு, "இருபது நிமிஷம் கழிச்சுப் பேசறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது வேறு. அந்த இருபது நிமிஷமும் 'அவ எப்படி அப்படிக் கேக்கலாம்?' என்று மனசுக்குள் கோர்ட் நடத்தினால் துடிப்பு இறங்காது. மூச்சை இழுப்பதைவிட நிதானமாக வெளியே விட்டுப் பாருங்கள், இறங்கும்.

மேனேஜர் விவகாரம் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆறிவிடலாம். குண்டு விழுந்ததைப் பார்த்தவருக்கு, கோர விபத்தில் தப்பியவருக்கு அப்படி இல்லை. முதல் உலக யுத்தத்துச் சிப்பாய்களிடம் இதைப் பார்த்த சார்லஸ் மையர்ஸ் 1915-ல் 'ஷெல் ஷாக்' என்று எழுதினார். அமெரிக்க மனநல மருத்துவர்கள் தங்கள் நோய்ப் பட்டியலில் இதற்குத் தனிப்பெயர் கொடுத்துச் சேர்த்தது 1980-ல்தான். யுத்தம் நடந்த யாழ்ப்பாணத்திலிருந்து டாக்டர் தயா சோமசுந்தரம் 1998-ல் ஒரு புத்தகமே எழுதினார். இவர்களுக்கு மூளையின் அபாய மணி சின்னச் சத்தத்துக்கும் அடித்துவிடும். பின்னாலிருந்து தோளில் கை வைத்தால் துள்ளி விழுவார். 'என்னைப் பிடிக்கலை' என்று மனைவி முடிவு கட்டிவிடுவாள்.

இவருக்குப் பத்திரிகை போதாது, டாக்டர் வேண்டும். ஆஸ்பத்திரிப் படியேறக் கூச்சமாக இருந்தால், 2022-ல் மத்திய அரசு ஆரம்பித்த 'டெலி மானஸ்' இருக்கிறது. எண் 14416. காசு கிடையாது. தமிழிலேயே பேசலாம், ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட.