யானையை லாரியில் ஏற்றி வேறு காட்டில் விட்டால் பிரச்சனை தீருமா? மூளை சொல்லும் பதில்

2019 ஜனவரியில் கோவை தடாகத்தில் பிடிபட்ட சின்னத்தம்பி யானை, டாப்சிலிப் காட்டில் விடப்பட்டது. சில நாட்களிலேயே காட்டை விட்டு வெளியேறி, உடுமலை பக்கம் வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடியும் பிடித்தார்கள். ஏன் இப்படி?

மூளையில் என்ன நடக்கிறது?

கொடைரோடு ஸ்டேஷனில் ஆள் ஏற்றி, வத்தலக்குண்டு வழியாக தினமும் கொடைக்கானல் போகும் டிரைவர் ரூட்டை யோசிப்பதே இல்லை. அந்தப் பழக்கத்தைப் பார்த்துக்கொள்வது மூளையின் ஸ்ட்ரையேட்டம். ரோடு அடைபட்டால் சுற்றுவழி தேட, மனசுக்குள் ஒரு மேப் வேண்டும். அது ஹிப்போகேம்பஸின் வேலை.

குறிப்பிட்ட இடத்துக்கு வந்தால் மட்டும் தூண்டப்படும் செல்களை, எலியின் ஹிப்போகேம்பஸில் 1971-ல் காட்டினார் ஜான் ஓ'கீஃப். பக்கத்துப் பகுதியில் தூரத்தையும் திசையையும் கணக்கிட உதவும் செல்களை 2005-ல் மோசர் தம்பதி கண்டுபிடித்தனர். மூவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அப்போ யானைக்கு?

இலங்கையில் இடம் மாற்றிய 12 யானைகளை ஜிபிஎஸ் காலர் மூலம் கண்காணித்த ஆய்வு 2012-ல் வெளியானது. சில யானைகள் பழைய இடத்துக்கே திரும்பின. சில ஊர் ஊராக அலைந்தன. மனிதர்களுடன் மோதலும் குறையவில்லை.

பயிரை இழந்த விவசாயியின் கோபம் நியாயம்தான். ஆனால், லாரியில் ஏற்றுவது யானையை மட்டும்தான். அதன் தலைக்குள் இருக்கும் மேப்பை இறக்கி வைக்க முடியாது. வலசைப் பாதையைத் திறந்து வைப்பதே நிலையான தீர்வுக்கு முதல் படி.