மின்பங்கு 33.5, இடர்ப்பங்கு எவ்வளவு?

வில்லியனூரிலும் பாகூரிலும் உள்ள 230 கிலோவோல்ட்டுத் துணைமின் நிலையங்களுக்கு வந்துசேரும் மின்னாற்றல் எங்கே பிறந்தது என்று அவ்வூர் உழவர் வினவுவதில்லை. இறைவைப்பொறி ஓடினாற் போதும். நட்ட நாற்று பிழைத்தாற் போதும். அதில் குற்றமொன்றுமில்லை. ஆனால், காரைக்காலின் 32.5 மெகாவாட்டு எரிவளி மின்னிலையத்தை விட்டால், புதுச்சேரி தானே ஆக்கிக்கொள்ளும் மின்னாற்றல் மிகச் சிறிதே. எஞ்சியதில் பெரும்பகுதி நடுவணரசு பங்கிட்டுத் தருவது. நெய்வேலி நிலக்கரியும் கல்பாக்கத்து, கூடங்குளத்து அணுவுலைகளும் அப்பங்கீட்டில் அடங்கும். கூடங்குளத்து முதல் உலையின் 1,000 மெகாவாட்டில் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 33.5 மெகாவாட்டு. பங்கு அவ்வளவுதான், இடருக்கு அத்தகைய பங்கீட்டுக் கணக்கு உண்டா?

2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், 2047-க்குள் 1,00,000 மெகாவாட்டு அணுமின் என்று தில்லி இலக்கு வைத்தது. அப்போது நாடெங்கும் இருந்தது ஏறத்தாழ 8,000 மெகாவாட்டு. பல பத்தாண்டுகளில் எட்டியதைப் பன்னிரு மடங்காக்க இருபத்திரண்டு ஆண்டுகள் போதுமாம்! கல்பாக்கத்தில் 2004-இல் கட்டத் தொடங்கிய 500 மெகாவாட்டு விரைவுப் பெருக்குலை 2010-இல் மின்னளிக்கும் என்றார்கள். 2024 மார்ச்சில்தான் அதன் உள்ளகத்தை நிரப்பும் பணியின் தொடக்கத்தைத் தலைமையமைச்சர் நேரிற் கண்டார். புதுவையை நெடுநாள் ஆண்ட பிரெஞ்சியர் நாடு தன் மின்னாற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கை அணுவிலிருந்தே பெறுகிறது. அந்நாட்டிலேயே பிளமான்வில் உலை 2007-இல் தொடங்கி, 2024 திசம்பரில்தான் மின்வலையில் இணைந்தது. செலவும் முதற் கணக்கின் நான்கு மடங்கானது. அதே வகை உலைகள் ஆறனை மராட்டியத்துச் செய்தாப்பூரில் நிறுவ 2010-இல் உடன்பாடு கண்டனர். இன்றுவரை அங்கே ஓர் உலையும் எழவில்லை.

காலத்தாழ்வும் பணச்செலவும் பொறுக்கத்தக்கவை. நிலக்கரிப் புகையால் உலகம் வெம்மையுறும் இந்நாளில், அணுமின்னே வேண்டாம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுதலும் அறிவுடைமையாகாது. பொறுக்கவொண்ணாதது பொறுப்பை உதறும் சட்டம்.

1984-இல் போபாலில் நச்சுவளி கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அத்துயரின் நினைவால்தான் 2010-ஆம் ஆண்டின் அணு இழப்பீட்டுச் சட்டத்தில், குறையுள்ள பொறியை விற்றவனிடமும் ஈட்டுப்பணத்தை மீட்க ஒரு வழி வைத்தனர். அயல்நாட்டு நிறுமங்கள் அவ்வொரு பிரிவைக் காட்டியே பதினைந்தாண்டு பின்வாங்கின. 2025 திசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதுச்சட்டம், 1962, 2010 ஆகிய இரு சட்டங்களையும் நீக்கித் தனியார்க்குக் கதவு திறந்தது. விற்றவன்மேல் இருந்த அப்பிடியையும் தளர்த்தியது. குறையுள்ள பொறி என்னும் கரணியத்துக்காக மட்டும் இனி அவனைத் தொடர முடியாது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் முடியும். எந்த விற்பனையாளன் தனக்கெதிராகத் தானே எழுதிக்கொடுப்பான்? உலையை நடத்துவோர் தரவேண்டிய இழப்பீடும் உலையின் ஆற்றலுக்கேற்ப 100 கோடி உருபா முதல் 3,000 கோடி வரை என வரையறுக்கப்பட்டுள்ளது. சிற்றுலைகளுக்கு 100 கோடி. ஊர் சிறிதானால் உயிரும் சிறிதோ?

இச்சட்டத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்துச் 'சாந்தி' என்னும் வடசொல் வரச் செய்துள்ளனர். பெயர் சூட்டக் காட்டிய உழைப்பில் ஒரு பங்கையேனும், அணுவுலைகளை நெடுங்காலமாய்ச் சுமக்கும் தமிழ்மக்களுக்கு அவர் மொழியிலேயே அதை விளக்கக் காட்டியிருக்கலாம். பல்லவன் நிருபதுங்கன் காலத்துப் பாகூர்ச் செப்பேட்டில் புகழுரை வடமொழியில் இருப்பினும், கல்விச்சாலைக்குக் கொடுத்த ஊர்களின் செய்தி நாட்டார் அறியும்படி தமிழில் உள்ளது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அரசுக்கு இருந்த அவ்வுணர்வு இற்றை அரசுக்கு இல்லை.

தொலைவையும் எண்ணுக. கல்பாக்கத்தைச் சுற்றி 16 கிலோமீட்டருக்கே நெருக்கடிக்காலத் திட்டம் வகுக்கப்படுகிறது. 2011-இல் புகுசிமா உலைகள் வெடித்தபோது, அமெரிக்க அரசு தன் குடிகளை 80 கிலோமீட்டருக்கு அப்பால் போகச் சொன்னது. கல்பாக்கத்திலிருந்து அதே வட்டத்தை வரைந்தால் அதன் விளிம்பு ஏறத்தாழப் புதுவை நகரைத் தொடும். வில்லியனூர் அதற்குச் சற்றே வெளியே நிற்கும். 2004 திசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கல்பாக்கத்து நீரேற்றகத்துள் புகுந்து உலையை நிறுத்தச் செய்ததும் இக்கரையோரத்தார் அறிந்ததே.

அணுவாற்றல் அரசமைப்பின்படி ஒன்றியப் பட்டியலில் உள்ளது. மாநிலங்களுக்கே அதில் சொல்லில்லை. 2011 செப்தம்பரில் கூடங்குளப் பணியை நிறுத்தக் கோரிய தமிழக அமைச்சரவை, 2012 மார்ச்சில் தானே பச்சைக்கொடி காட்டியது. இடிந்தகரை மக்கள் வழக்குகளோடு நின்றனர். துணைநிலை ஆளுநரின் கையொப்பத்துக்குக் காத்திருக்கும் புதுச்சேரி எம்மட்டு? ஆயினும் அதன் சட்டமன்றத்துக்கு வாய் உண்டு. புதுச்சட்டத்தின் தமிழாக்கத்தையும், கல்பாக்கத்தில் நேர்ச்சி நிகழ்ந்தால் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் யார் யாருக்கு என்ன அறிவிப்பர் என்பதையும் எழுத்தில் தருமாறு அது கேட்கலாம். அந்த அறிவிப்பு எம்மொழியில் வரும் என்பதையும் அதே தீர்மானத்தில் சேர்த்துக் கேட்பது நன்று.