ஓட்டும் கற்பூரச் சத்தியமும்

தேர்தல் நாளில் டீக்கடைப் பேச்சைக் கேட்டால், "பணம் வாங்கிவிட்டேன், கற்பூரம் அணைத்துச் சத்தியமும் செய்துவிட்டேன், மாற்றிப் போட்டால் சாமி சும்மா விடுமா?" என்கிறார்கள்.

தோழர்களே! லஞ்சம் கைமாறும்போது சும்மாயிருந்த சாமி, ஓட்டுப் போடும்போது மாத்திரம் கண் விழிக்குமா? 1937 தேர்தலில் சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் ஓட்டு இருந்தது. 1952-ல்தான் 21 வயதான ஆண் பெண் யாவருக்கும் கிடைத்தது. 1989-ல் வயது 18 ஆயிற்று. அப்பேர்ப்பட்ட உரிமையைக் கற்பூரக் கட்டிக்கு அடகு வைப்பதா? பண விநியோகத்தின் காரணமாக 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் தேர்தலே நிறுத்தப்பட்டது.

ஓட்டு ரகசியமானது. அங்கே உங்களோடு வருவது சாமியுமல்ல, தரகனுமல்ல. உங்கள் புத்தி ஒன்றேயாகும். ஆதலால் பணத்தைத் தொடாதீர்கள். தொட்டவர்கள் சத்தியத்துக்கு அஞ்சாதீர்கள்.