எலிக்குப் பென்ஷன்

சென்ற இதழில் ஹாரி ஹாரிஸனின் கடைசி 'எலி' நாவலைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வாக்கியம் எழுதினேன். "படித்தேன். படிக்காமல் இருந்திருந்தால் என் மட்டிலாவது எலி உயிரோடு இருந்திருக்கும்" என்பதுதான் அது. அதற்கு வந்திருக்கும் கடிதங்களைப் பார்த்தால், நான் ஏதோ கோயில் தேரின் வடத்தை அறுத்துவிட்டதாகத் தோன்றுகிறது. எண்பத்தைந்து வயதுக் கிழவரிடம் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறீர் என்று ஒருவர் கேட்கிறார். தமாஷ் கதைக்கு எதற்கு ஐயா இலக்கிய விசாரம் என்கிறார் இன்னொருவர். மூன்றாவது கடிதம் ஒரே வரி. அதற்குக் கடைசியில் வருகிறேன். அதைத் தள்ளிப்போடுவதற்கு எனக்குக் காரணம் இருக்கிறது.

எலியை அறியாதவர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். ஹாரிஸன் அமெரிக்கர், 1925-ல் பிறந்தவர். விஞ்ஞானக் கதைகள் எழுதினார். சிரிக்கச் சிரிக்க எழுதத் தெரிந்த மிகச் சிலரில் ஒருவர். 1957-ல் 'அஸ்டௌண்டிங்' என்ற பத்திரிகையில் அவர் எழுதிய ஒரு சிறுகதையில் பிறந்தவன் ஜிம் டிகிரிஸ். எதிர்காலம், நூற்றுக்கணக்கான கிரகங்களில் மனிதர்கள் குடியேறிவிட்டார்கள், குற்றம் என்பதே அநேகமாக ஒழிந்துவிட்டது. கான்கிரீட்டும் எவர்சில்வருமாய்க் கட்டிய அந்த உலகத்தில் பழைய மர வீட்டு எலிகள் பிழைக்க முடியாது. அங்கே பிழைக்க வேண்டுமானால் எலியும் எவர்சில்வரில் செய்த எலியாக இருக்க வேண்டும். ஜிம் அப்படிப்பட்ட எத்தன். கதை ஆரம்பத்திலேயே கைது செய்ய வருகிற போலீஸ்காரர் தலையில் பல டன் எடையுள்ள இரும்புப் பெட்டியை இறக்குகிறான். போலீஸ்காரர் இயந்திர மனிதர். நசுங்கிய நிலையிலும், போலீஸ் இயந்திரத்தைத் தாக்கிய குற்றத்தையும் சேர்த்துக்கொள்கிறேன் என்று கடமையைச் செய்கிறார். இந்த ஒரு காட்சிக்காகவே ஹாரிஸனுக்கு நான் ஆயுள் பரியந்தம் கடன்பட்டிருக்கிறேன்.

1961-ல் அது நாவலாயிற்று. 2010 வரை நாவல்கள் மட்டும் பதினொன்று. எலி உலகத்தைக் காப்பாற்றிற்று, ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றது, பட்டாளத்தில் சேர்ந்தது, பாட்டுப் பாடிற்று, நரகத்துக்குப் போயிற்று, சர்க்கஸில் வித்தை காட்டிற்று. பதினொன்றாவது நாவலில் 'திரும்பி வந்தது'. 2012-ல் ஹாரிஸன் காலமானார்.

முதல் கட்சிக்காரருக்கு முதலில் பதில் சொல்கிறேன். வயதைக் காட்டி மன்னிப்புக் கேட்பது மரியாதை போலத் தோன்றும், உண்மையில் அவமரியாதை. எலிக்கு நோய் கண்டது ஆசிரியரின் எண்பத்தைந்தாவது வயதில் அல்ல, நாற்பத்தைந்தாவது வயதில். 1970-ல் வந்த இரண்டாவது நாவலைப் பாருங்கள்.

முதல் நாவலில் ஜிம்முக்கு எதிரியாக ஒரு பெண் வருகிறாள். ஏஞ்சலினா என்று பெயர். அவனைக் காட்டிலும் கெட்டிக்காரி. ஒரே ஒரு வித்தியாசம்: அவன் கொலை செய்ய மாட்டான், அவள் செய்வாள். விகாரமான உருவத்தோடு பிறந்து, உலகத்தின் அருவருப்பைத் தின்றே வளர்ந்து, திருடியும் கொன்றும் சேர்த்த பணத்தில் சிகிச்சை செய்துகொண்டு அழகியானவள். அந்த அழகைத்தான் ஜிம் காதலிக்கிறான்! அவனைப் பிடித்துத் தன் இலாகாவில் உத்தியோகம் கொடுத்த இன்ஸ்கிப் என்ற அதிகாரியும் பழைய திருடரே. கள்ளனைப் பிடிக்கக் கள்ளனையே வைத்திருக்கிற இலாகா அது. ஆக, சர்க்காரும் எத்தன், நாயகனும் எத்தன், நாயகி கொலைகாரி. இந்த மூவருக்கும் நடுவில் இருக்கிற கோடு எவ்வளவு மெல்லியது என்பதுதான் அந்த நாவலின் உயிர். சிரித்துக்கொண்டே வந்த வாசகன் திடீரென்று, 'நான் யாரோடு சேர்ந்து சிரிக்கிறேன்?' என்று திடுக்கிடுகிறான்.

ஜிம்மிடம் ஒரு வாதம் உண்டு. எந்த எத்தனிடமும் இருக்கும். நான் கொள்ளையடிப்பதால் யாருக்கு நஷ்டம்? பாங்கிக்கு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிடும்; கம்பெனியின் லாபத்தில் ஒரு துளி குறையும்; போலீஸுக்கு வேலை, பத்திரிகைக்குச் செய்தி, ஜனங்களுக்குப் பொழுதுபோக்கு. ஆகவே நான் ஒரு பொது ஊழியன் என்பான். முதல் நாவலில் இந்த மாதிரிப் பேச்சு ஓர் எத்தனின் பேச்சாக இருந்தது. அவன் செய்கிற மோசடிகளிலேயே பெரிய மோசடி இதுதான், ஏமாறுகிறவன் வாசகன் என்பது ஆசிரியருக்குத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் பக்கத்திலேயே ஏஞ்சலினாவை நிறுத்தியிருந்தார். அவன் நியாயம் எங்கே போய் முடியும் என்பதற்கு அவள் கண்ணாடி.

இரண்டாவது நாவலில் அவர் செய்த காரியம் என்ன? இலாகா வைத்தியர்களை விட்டு அவள் மூளையிலிருந்து கொலைவெறியைத் துடைத்து எடுத்துவிட்டார். கலியாணம் செய்து வைத்தார். இரட்டைக் குழந்தைகளும் கொடுத்தார். அப்புறம் அவள் புருஷன் வேறு பெண்ணைப் பார்த்தால் துப்பாக்கியைத் தடவுகிற, வேடிக்கையான சம்சாரி. கண்ணாடி போயிற்று. கண்ணாடி போனதும் ஜிம்மின் வாதம் வாதமாக இல்லாமல் வேதமாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆசிரியரே அதை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்பது என் துணிபு. எத்தனைப் படைத்தவர் எத்தனிடம் ஏமாந்துபோனார்.

நடுவில் நல்ல இடங்கள் இல்லாமல் இல்லை. 1982-ல் வந்த தேர்தல் கதையில், மோசடித் தேர்தலை அதைவிடப் பெரிய மோசடியால் ஜெயிக்கிற கூத்து ஒன்று போதும். 1985-ல் எலியின் இளமைக் கதைக்குப் போனதும் சாமர்த்தியம். கைதேர்ந்த குற்றவாளிகளிடம் பாடம் கேட்கலாம் என்று வேண்டுமென்றே ஜெயிலுக்குப் போன பையன், ஜெயிலில் இருப்பவர்கள் எல்லாரும் பிடிபட்டவர்கள், அதாவது தொழில் தெரியாதவர்கள் என்று கண்டுகொள்கிறானே, அந்த இடத்தில் பழைய ஹாரிஸன் கண் சிமிட்டுகிறார். இளமைக்குத் திரும்பினால் சம்சாரம் இல்லை, சம்பளம் இல்லை, பசி இருக்கிறது. எத்தனுக்குப் பசி வேண்டும்.

சர்க்கஸ் நாவலில் பாங்கிக் கொள்ளைகளைத் துப்பறிய எலிக்கு ஒரு மகா கோடீசுவரர் தினக்கூலி கொடுக்கிறார், லட்சக்கணக்கில். பாங்கியைக் கொள்ளையடித்தவன் பாங்கிக்குக் காவல்! இதைப் பரிகாசமாக எழுதியிருந்தால் கை தட்டியிருப்பேன். கூலி வாங்குகிற சந்தோஷத்தில் எலிக்கே அதில் உள்ள பரிகாசம் தெரியவில்லை.

இனி 'திரும்பி வந்த' எலி. ஜிம் ரிட்டயராகிவிட்டான். மூலாபிளெண்டி என்ற கிரகத்தில் கையில் மதுக் கிண்ணமும் பக்கத்தில் ஏஞ்சலினாவுமாகச் சுகவாசம். அங்கே பிறந்த ஊரிலிருந்து தூரத்து உறவுக்காரன் ஒருவன் வந்து இறங்குகிறான். வெறுங்கையோடு அல்ல; ஒரு கப்பல் நிறையப் பன்றிகளோடு. முள்ளம்பன்றியையும் பன்றியையும் ஒட்டுப்போட்டு உண்டாக்கிய ஜாதி. எல்மோ என்ற அந்தப் பட்டிக்காட்டு உறவுக்காரனும் அவன் பன்றிகளும் சேர்ந்து ஜிம்மின் பாங்கிக் கணக்கை வற்ற அடித்துவிடுகிறார்கள்.

இங்கே புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். ஐம்பத்து மூன்று வருஷமாய்ப் பாங்கிகளையும் சக்கரவர்த்திகளையும் ஏமாற்றியவன், ஏமாற்றவே தெரியாத ஓர் உறவுக்காரனிடம் சொத்தைப் பறிகொடுக்கிறான்! சட்டத்திலிருந்து தப்பலாம்; சித்தப்பா பிள்ளையிடமிருந்து தப்ப முடியுமா? இன்ஷ்யூரன்ஸ் கம்பெனி நஷ்டஈடு கொடுக்காத கொள்ளை அது. 'யாருக்கு நஷ்டம்?' என்று கேட்டவனுக்கே நஷ்டம் வந்து நிற்கிறது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் துடைத்து எறிந்த கண்ணாடி, பன்றிக் கூட்டத்தின் ரூபத்தில் திரும்பி வந்திருக்கிறது. அதை மட்டும் கையில் பிடித்திருந்தால் பதினொன்றாவது நாவல் முதல் நாவலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

அவர் பிடிக்கவில்லை. பணம் போனதும் எலி அதற்காக ஒரு நிமிஷம் கூட வெட்கப்படுவதில்லை, யோசிப்பதுமில்லை. கப்பலில் ஏறிக்கொண்டு, பன்றிகளை எங்கே இறக்குவது என்று கிரகம் கிரகமாகப் போகிறான். கலிவர் யாத்திரை மாதிரி என்று பதிப்பாளர்கள் விளம்பரம் செய்தார்கள். கலிவர் ஒவ்வொரு தீவிலும் எதையோ இழந்தல்லவா ஊர் திரும்பினான்? எலி எதையும் இழக்கவில்லை. புன்னகை கலையவில்லை. கிண்ணம் தளும்பவில்லை.

இரண்டாவது கட்சிக்காரர், தமாஷுக்கு விசாரம் எதற்கு என்கிறார். தமாஷுக்குத்தான் விசாரம் வேண்டும் என்கிறேன் நான். சோகக் கதையில் பொய் சொன்னால் இருமல் வந்து காட்டிக்கொடுத்துவிடும். சிரிப்பில் கலந்த பொய் வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கிவிடும். இது புதிய பயமும் அல்ல. ஹார்னங் என்பவர் 1898-ல் ராஃபிள்ஸ் என்ற கனவான் திருடனைப் படைத்தார். அவருடைய மைத்துனர் வேறு யாருமல்ல, ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில். குற்றவாளியைக் கதாநாயகனாக்காதே என்று டாயில் அவரை எச்சரித்தார். எச்சரித்த டாயில் தம் நாயகனை 1893-ல் அருவியில் தள்ளிக் கொன்றும், பத்து வருஷத்தில் வாசகர்களுக்காக எழுப்பிக்கொண்டு வந்தவர் என்பது வேறு விஷயம். ஹார்னங் கேட்கவில்லை. ஆனால் திருடனைச் சுகமாக இருக்க விடவில்லை, அவமானப்படுத்தினார், கடைசியில் போயர் யுத்தத்தில் குண்டடி பட்டுச் சாக வைத்தார். 1901-ல் அந்தப் புத்தகம் வந்தது. அதற்குப் பிறகும் ராஃபிள்ஸ் கதைகள் எழுதினார். ஆனால் செத்தவனை எழுப்பவில்லை. அவன் சாவதற்கு முந்திய காலத்துக்குப் போனார். கணக்கைக் கணக்காக வைத்துக்கொண்டார். ஜிம் டிகிரிஸின் கணக்கில் பற்று என்பதே கிடையாது, எல்லாம் வரவு.

வாசகர்கள் கேட்டார்கள், ஆசிரியர் கொடுத்தார் என்பார்கள். வாஸ்தவம். எலியை நேசித்தவர்கள் அது சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். பிரியம் வைத்தவர்கள் வேறு என்ன கேட்பார்கள்? கேட்கிற உரிமை அவர்களுக்கு. கொடுக்காமல் இருக்கிற கஷ்டம் எழுத்தாளனுக்கு.

இப்போது மூன்றாவது கடிதம். "உங்கள் சபாபதிக்குக் கலியாணம் செய்து வைத்தது யார்?" கையெழுத்தில்லை.

நான்தான் செய்து வைத்தேன். போலி ரிஜிஸ்திரார், போலி ஜோசியர், போலி மாப்பிள்ளை என்று வேஷம் போட்டு ஊர் ஊராகத் திரிந்த என் சபாபதியை, முப்பது வருஷத்துக்கு முன்னால், "பாவம், அவனுக்கு ஒரு குடும்பம் வேண்டாமா?" என்று எழுதிய வாசகிகளுக்காக ஒரு தீபாவளி மலரில் மணையில் உட்கார வைத்தேன். பெண் பள்ளிக்கூட உபாத்தியாயினி. அடுத்த வருஷம் அவனுக்குக் கூட்டுறவு ஸ்டோரில் வேலையும் வாங்கிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பதினான்கு கதைகள். ஒன்றிலாவது அவன் யாரையும் ஏமாற்றவில்லை, ஏமாற்றினேன், நான். அந்தப் பணத்தில்தான் வீட்டுக்கு மாடி எடுத்தேன். ஹாரிஸனைப் பற்றி இவ்வளவு கோபமாக எழுத எனக்கு எப்படித் தெரிந்தது என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

வருகிற தீபாவளி மலருக்கு இன்னொரு சபாபதி கதை வேண்டும் என்று ஒரு பத்திரிகை ஆசிரியர் முன்பணமாகச் செக் அனுப்பியிருக்கிறார். பேரன் பிறந்திருப்பதாக வைத்துக்கொள்ளலாமே என்று யோசனையும் சொல்லியிருக்கிறார். செக் மேஜை அறையில் இருக்கிறது. பாங்கியில் கட்டவில்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. மாடியில் ஒரு மூலை இந்த மழைக்கு ஒழுக ஆரம்பித்திருக்கிறது.