காருக்கும் புரை விழும்!

போன இதழில் புளியைப் பூச்சி அண்டாமல் வைப்பது பற்றி எழுதியிருந்தேன். இந்தத் தடவை அடுப்படியை விட்டுக் கொஞ்சம் வாசலுக்கு வருகிறேன். "காரைப் பற்றி எங்களுக்கென்ன, அது ஆம்பளைங்க சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். ராத்திரி நேரத்தில் அந்தக் காரின் பின்சீட்டில் தூங்கிக்கொண்டு வருவது நம் குழந்தைதானே!

எங்கள் வீட்டில் கார் ஓட்டுவதென்றால் என் மாமனார்தான். வயது 68. அம்பாசடர் காலத்திலிருந்து ஓட்டுகிறவர். போன வருஷம் புரட்டாசி சனிக்கிழமை குணசீலம் பெருமாளைச் சேவித்துவிட்டுத் திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கோயிலில் கூட்டமான கூட்டம். கிளம்பும்போதே மணி 8 தாண்டிவிட்டது. இவர் வேலையென்று வரவில்லை. மாமா, அத்தை, நான், என் நாலு வயசுப் பையன். காவிரிக் கரையோரம், இரண்டு பக்கமும் வாழைத்தோப்பு, தெருவிளக்கு இல்லாத ஓர் இடம். திடீரென்று மாமா பிரேக்கை அழுத்தினார் பாருங்கள், தூங்கிக்கொண்டிருந்த குழந்தை வீலென்று அலறினான். முன்னால் ஓர் ஆள், சைக்கிளில் வாழை இலைக் கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார். அவருக்கும் எங்களுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இருக்காது. அவர் திரும்பிப் பார்த்து, "கண்ணு தெரியலையா?" என்று ஒரு சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கேள்வியை வீட்டுக்கு வந்து நானும் கேட்டேன் என்று சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. "மாமா, இனிமே ராத்திரியிலே நீங்க வண்டி எடுக்க வேண்டாம். உங்களுக்குக் கண்ணு சரியில்லை" என்றேன். இவரும் "ஆமாம்ப்பா" என்று ஒத்து ஊதினார். மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. சாவியைக் கொண்டுபோய்ச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினார். இரண்டு நாள் காப்பி டம்ளரைக்கூட என் கையிலிருந்து வாங்காமல், "அங்கே வைம்மா" என்றார்.

மாமாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் தானே பஸ் ஏறிப்போய்க் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். பார்வை நன்றாக இருக்கிறது, கண்ணாடியைக்கூட மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். சீட்டை என் முன்னால் மேஜைமேல் வைத்து, "படிச்சுக்கோம்மா" என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், அப்போதும் நான் முழுக்க நம்பவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் ராத்திரி கரண்ட் போயிற்று. எதிர்வீட்டுக்காரர் தன் புதுக்காரை எங்கள் கார் பக்கத்தில் காம்பவுண்டு சுவரைப் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தார். சுவரில் அவர் கார் வெளிச்சம் கோடு கிழித்தாற்போல் விழுந்தது. எனக்கு என்ன தோன்றியதோ, ஆணியிலிருந்து சாவியை எடுத்துப்போய் எங்கள் கார் விளக்கைப் போட்டேன். சுவரில் ஏதோ எண்ணெய் விளக்கு ஏற்றி வைத்தாற்போல் மங்கலாய், மஞ்சளாய், ஓரமே தெரியாமல் ஒரு திட்டு! டார்ச்சை அடித்துப் பார்த்தால், விளக்கின் மூடி முழுக்கப் பழுப்பு ஏறிப் பால் படிந்தாற்போல் இருக்கிறது. புரை விழுந்திருந்தது காரின் கண்ணில், மாமாவின் கண்ணில் இல்லை. 12 வருஷமாகத் தினம் பார்க்கிற கார்! கொஞ்சம் கொஞ்சமாக மங்கியதால் யார் கண்ணிலும் படவில்லை.

அம்பாசடர், ஃபியட் விளக்குகளுக்கு நிஜக் கண்ணாடி. உடையுமே தவிர மஞ்சளாகாது. இப்போது வருவது பாலிகார்பனேட் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக். அதன்மேல் வெயில் தாங்குவதற்கு ஒரு மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். நம் ஊர் வெயிலில் வருஷக்கணக்காக நின்றால், அதிலுள்ள புறஊதாக் கதிர்களால் அந்தப் பூச்சு பொரிந்துபோய், அடியிலுள்ள பிளாஸ்டிக்கும் பழுத்துவிடுகிறது. அமெரிக்காவில் ஏ.ஏ.ஏ. என்ற கார் ஓட்டுவோர் சங்கம் 2018-ல் சோதித்துப் பார்த்தது. மங்கிப்போன விளக்கிலிருந்து புது விளக்கின் வெளிச்சத்தில் சுமார் 20 சதவீதம்தான் கிடைத்ததாம். தேய்த்துச் சுத்தம் செய்தபின் 70 சதவீதம் அளவுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதாவது, தேய்த்த விளக்கு புது விளக்குக்கு ஈடாகாது. ஆனாலும் 20 எங்கே, 70 எங்கே!

மெக்கானிக் இரண்டு விளக்கையும் மாற்ற 9,000 ரூபாய் என்றார். பக்கத்து வீட்டு அக்கா, "பல்பசை போட்டுத் தேயேன், பளிச்சுனு ஆயிடும்" என்றாள். தேய்த்தேன். ஆகத்தான் ஆயிற்று! பல்பசையில் இருக்கிற நைசான தூள், மேலாக இருக்கிற அழுக்கை எடுத்துவிடும். ஆனால் பழுத்த பூச்சு அப்படியேதான் இருக்கும். வெயிலுக்கு மறைப்பும் கிடையாது. மூன்றே வாரத்தில் பழைய குருடி கதவைத் திறடி! ஒரு டியூப் பல்பசைதான் தண்டம். கொசு விரட்டும் ஸ்பிரேயை அடித்துத் துடைக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அதிலுள்ள டீட் என்ற மருந்து பிளாஸ்டிக்கையே கரைக்கும். அன்றைக்குப் பளபளக்கும், பிறகு முன்னைவிட மோசமாகும். கார் பெயின்டில் பட்டால் அதுவும் போச்சு.

நான் கடைசியில் செய்ததைச் சொல்கிறேன். முதலில் விளக்கைச் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். ஈரத்தில் தெளிவாகத் தெரிந்தால் கோளாறு வெளிப்பக்கம், தேய்த்தால் சரியாகும். ஈரத்திலும் மங்கலாகவே இருந்தால், உள்ளே நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால், அல்லது உள்ளே வெள்ளி போலிருக்கும் பூச்சு உரிந்திருந்தால், தேய்த்துப் பயனில்லை. மெக்கானிக்கிடம்தான் போகவேண்டும்.

ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேளுங்கள். ஈரத்தில் தேய்க்கிற உப்புத்தாள் அது. 800, 1500, 2000, 3000 நம்பர்களில் ஒவ்வொன்று. நம்பர் கூடக்கூடத் தாள் நைசாகும். கூடவே மாஸ்கிங் டேப், ஒரு சின்ன டப்பா ரப்பிங் காம்பவுண்ட், ஹெட்லைட்டுக்கென்றே விற்கிற, வெயில் தாங்கும் பூச்சு ஒன்று. எனக்கு எல்லாம் சேர்த்து 1,000 ரூபாய்க்குள் முடிந்தது. விளக்கைச் சுற்றியுள்ள பெயின்டின்மேல் டேப்பை இரண்டு சுற்று ஒட்டிவிட்டு, தாளைத் தண்ணீரில் ஊறவைத்து, 800-ல் ஆரம்பித்தேன். காயவிடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே தேய்க்கவேண்டும். ஈரம் இருந்தால் பிளாஸ்டிக் தூள் மூக்கில் ஏறாது. முதலில் மஞ்சளாய் நீர் வழியும். வெள்ளையாய் வழிய ஆரம்பித்தால் பழைய பூச்சு போய்விட்டது என்று அர்த்தம்.

இந்தக் கட்டத்தில் விளக்கு முழுசும் உறைந்த பால்போல் ஆகிவிடும். எனக்குப் பகீரென்றது. 9,000 ரூபாய்க்கு வேட்டு வைத்துவிட்டோமே என்று கை நடுங்க நிற்கிறேன், பின்னாலிருந்து ஒரு குரல்: "நிறுத்தாதேம்மா. அடுத்த தாளை எடு. இது குறுக்கே தேய்ச்சதுன்னா அது நெடுக்கே. அப்பத்தான் முன்னே விழுந்த கீறல் போச்சா இல்லையான்னு தெரியும்." மாமாதான்! எப்போது வந்து நின்றாரோ. நான் ஒரு விளக்கு, அவர் ஒரு விளக்கு என்று ஆயிற்று. ஒவ்வொரு தாளுக்கு நடுவிலும் நன்றாகக் கழுவினோம். 3000 முடியும்போதே பால் வடிந்து தெளிய ஆரம்பித்தது. காம்பவுண்டைப் பழைய பனியன் துணியில் தொட்டு வட்டமாகத் தேய்க்கத் தேய்க்க, உள்ளேயிருந்த பல்பு தெரிந்தது. மொத்தம் மூன்று மணி நேரம் பிடித்தது. மறுநாள் எனக்குத் தோள்பட்டை வலி.

பளிச்சென்று ஆனவுடன் விட்டுவிடக்கூடாது. வெயில் தாங்கும் பழைய பூச்சை நாமே தேய்த்து எடுத்துவிட்டோமல்லவா, அந்த இடத்தில் புதிது போடவேண்டும். இல்லாவிட்டால் சில மாதங்களிலேயே பழையபடி பழுக்கும். நான் துணியால் தடவுகிற வகையை, நிழலில், ஈரமில்லாமல் துடைத்தபின் போட்டு, ஒரு நாள் தண்ணீர் படாமல் வைத்தேன். இது நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை திரும்பத் தடவவேண்டும். ஸ்பிரே வகை இன்னும் அதிக நாள் தாங்கும். ஆனால் அதிலும் இரண்டு மருந்து கலந்து அடிக்கிற '2கே' வகையில் ஐசோசயனேட் என்ற நச்சு இருக்கிறது. மூச்சுக்குழாய்க்கு ஆகாது, ஆஸ்துமா வரவழைக்கும். குழந்தைகளும் பிள்ளைத்தாய்ச்சிகளும் இருக்கிற வீட்டு வாசலில் அதை அடிக்கவே கூடாது. தக்க முகமூடி வைத்திருக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. விளக்கு மங்கல் என்று சிலர் 100 வாட் பல்பு போட்டுக்கொள்கிறார்கள். மங்கிய மூடிக்குப் பின்னால் பல்பு பெரிதானால் வெளிச்சம் சிதறி எதிரே வருகிறவர் கண்ணைத்தான் கூசவைக்கும். சூடு தாங்காமல் விளக்கே உருகவும் கூடும்.

இப்போது மாமா மத்தியானம் காரை வெயிலில் நிறுத்த நேர்ந்தால், பழைய வேஷ்டியைக் கிழித்து இரண்டு விளக்கையும் மூடிக் கட்டிவிடுகிறார். பார்க்கிறவர்களிடம், "காருக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு" என்கிறார். போன சனிக்கிழமை மறுபடியும் குணசீலம். திரும்ப இருட்டிவிடும் என்று தெரிந்தும், ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தது நான்தான். வாங்கிக்கொண்டவர், வண்டியில் ஏறும்போது, "ஏம்மா, வழியிலே பல்பசை ஏதாவது வாங்கணுமா?" என்று கேட்டார். கேட்கட்டும்!